மூன்றாவது குரல்

ஓசூர்,
6.10.1991

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சென்றாயன் எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாமாவும் சுகமா? நம் கேழ்வரகுக் கொல்லையை யானை விட்டுவைத்திருக்கிறதா?

பேக்டரியில் எனக்கு என்ன வேலை என்று மாமா கேட்டிருந்தார். ‘கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தூங்குறான்’ என்று ஊரில் சொல்லிவிடப் போகிறார்! இங்கே எந்த மெஷின் எப்போது ஓட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்கிறது. அப்படி ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் ‘ஜாப்’ என்று பெயர். ஓடும் ஜாபை நிறுத்திவைப்பது, மறுபடி ஓட விடுவது, வேண்டாமென்றால் அடியோடு முடித்துவிடுவது எல்லாம் என் கையில். கண்ணாடி அறை, ஏசி. சித்திரை வெயிலில் வந்து பார், திரும்பிப் போகவே மாட்டாய்.

மெஷின்கள் ஓடும் கூடத்துக்கு இங்கே ‘ஷாப்’ என்று பெயர். அங்கே இருப்பவர்கள் ஏதாவது ஜாபை நிறுத்த வேண்டுமென்றால் அங்கிருக்கும் டெர்மினலில் தட்டி அனுப்புவார்கள். என் மேசையில் மணி அடித்து, கூப்பிட்டவர் பெயர் திரையில் வரும். வந்த புதிதில் அப்படித்தான் ஒரு மணி அடித்தது, நானும் நிறுத்தினேன். போய்ப் பார்த்தால் அங்கே ஆளே இல்லையாம், லைனில் கோளாறாம். “ஏனப்பா, பேய் கூப்ட்டாலும் நிறுத்துவியா?” என்று கன்னடத்து சூப்பர்வைசர் கத்தித் தீர்த்துவிட்டார்.

அவர் பேய் என்றதும்தான் நம் ஊர்ப் பழக்கம் நினைவுக்கு வந்தது. விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தானே பதில் சொல்வோம்? முனி இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது, மூன்றாவதும் கூப்பிட்டால் மனுஷன். இங்கேயும் அதையே பிடித்துக்கொண்டேன். மூன்றாவது மணிக்குத்தான் நிறுத்துவேன். அதற்கப்புறம் திட்டே வாங்கவில்லை!

நீ கேட்ட ரோஜாப் பதியனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
சென்றாயன்

*

நாட்றாம்பாளையம்,
14.10.1991

என் கண்ணான தம்பிக்கு,

அக்கா சாந்தம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. யானை வந்தது. மாமா கொல்லைக் காவல் பரணில் உட்கார்ந்து விடிய விடியத் தகரம் தட்டினார். தொண்டை போனதுதான் மிச்சம், கொல்லையில் பாதி போய்விட்டது.

நீ செய்ததுதான் சரி. படித்தவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நம் சித்தப்பா முதல் குரலுக்கே ‘ஓய்’ என்று எழுந்து போனவர்தானே? மறுநாள் ஏரியில்தான் கிடைத்தார். காட்டோரத்துப் பிள்ளைக்குக் காதில் காவல் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை விட்டால் என் மேல் ஆணை, ஆமாம்.

ஆயுத பூஜைக்கு அந்த மெஷினுக்கும் ஒரு பொட்டு வை. ரோஜா ரோஜா என்று நாலு மாதமாக உன் வாயில்தான் பூக்கிறது. செடியைக் காணோம்.

அக்கா

*

ஓசூர்,
20.11.1991

அக்கா,

தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். எழுதக் கை வரவில்லை.

உலை இருக்கும் பர்னஸ் ஷாப்பில் கங்கப்பன் என்று ஊத்தங்கரைக்காரர் இருந்தார். கேன்டீனில் என்னோடுதான் சாப்பிடுவார், “தம்பி, நம்ம ஊர்ப் பக்கத்துப் புள்ள” என்று தன் தட்டிலிருந்து எடுத்து வைப்பார். அங்கே பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏற்றிக்கொண்டு ஒரு ட்ராலி தானாக ஓடும். அதை ஓட்டுவது என் ஜாப்களில் ஒன்று. அன்றைக்குத் தண்டவாளத்தில் ஏதோ சிக்கிக்கொண்டது. அங்கேயே இருக்கிற சிவப்பு பட்டன் பழுதாம். அதனால் எனக்குத் தட்டி அனுப்பினார். மணி அடித்தது. கங்கப்பன் என்று பெயர் வந்தது. இன்னொரு தடவையும் அடித்தது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருந்தேன்.

இரண்டு தடவை சொல்லியாயிற்று, தம்பி நிறுத்தியிருப்பான் என்று நம்பி, சிக்கியதை எடுக்கத் தண்டவாளக் குழியில் இறங்கிவிட்டார், அக்கா. ட்ராலி ஓடிக்கொண்டேதான் இருந்தது. பட்டப்பகல். விளக்கு வைக்கிற நேரம்கூட இல்லை.

எல்லோரும் பட்டனைத்தான் குறை சொல்கிறார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஜாபை அடியோடு முடித்துவிட்டோம். பர்னஸ் ஷாப்பு டெர்மினலைக் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டார்கள்.

ஆனால் மணி அடிக்கிறது. கங்கப்பன் என்றே வருகிறது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது வருவதே இல்லை.

சென்றாயன்

*

நாட்றாம்பாளையம்,
27.11.1991

தம்பி,

கடிதம் கிடைத்தது. அந்த மனுஷனுக்காக இங்கே ஒரு விளக்கு ஏற்றி அழுதேன். விடாதே என்று ஆணை வைத்தவள் நான். பாவம் என்று ஒன்று இருந்தால் எனக்கும் அதில் பங்கு உண்டு. நீ ஒருத்தனாகச் சுமக்காதே.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். இப்போது கூப்பிடுவது கங்கப்பன் இல்லை. தெரிந்தவர் பெயரில், தெரிந்தவர் குரலில்தான் அது வரும். பதில் போடாதே. போட்டால் உன்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் விடாது. அந்த வேலையும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். புறப்பட்டு வந்துவிடு. இருக்கிற களியில் ஆளுக்கு ஓர் உருண்டை குறைத்துத் தின்போம்.

அக்கா

*

ஓசூர்,
12.12.1991

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பேச்சைக் கேட்கவில்லை. மன்னித்துவிடு. உயிரோடு இருந்தபோது அவருக்குப் பதில் சொல்லாதவன், இப்போதும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நேற்று, முதல் மணி அடித்ததுமே ‘நிறுத்திவிட்டேன் அண்ணா’ என்று தட்டினேன். எந்த ஜாபும் ஓடவில்லை, எதை நிறுத்துவது? இருந்தாலும் நிறுத்து என்று கட்டளை கொடுத்தேன். ஒரு ஜாப் நின்றதாகத் திரை காட்டியது. ஜாபின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சென்றாயன் என்று இருந்தது.

கூட வேலை செய்யும் முத்துமணியைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்தேன். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. இன்றைக்குக் கேன்டீனில் தட்டை நீட்டினால் பரிமாறுகிறவர் எனக்குப் பின்னால் நிற்பவருக்குப் போடுகிறார். பசியும் இல்லை. நானே நின்றுபோன மாதிரி இருக்கிறது, அக்கா. திரும்ப ஓட விடலாம் என்று தட்டிப் பார்த்தேன். மெஷின் கேட்கவில்லை. வேறு யாராவது எனக்குப் பதில் சொன்னால்தான் சரியாகும் என்று மனசு சொல்கிறது.

சனிக்கிழமை வருகிறேன். ரோஜாவும் கொண்டுவருகிறேன். வாசலில் நின்று கூப்பிடுவேன். முதல் குரலுக்கே கதவைத் திறந்துவிடு. நம் பழக்கம் அன்றைக்கு மட்டும் வேண்டாம். இப்போதெல்லாம் இரண்டு தடவைக்கு மேல் எனக்குக் குரல் வருவதில்லை.

சென்றாயன்

*

நாட்றாம்பாளையம்,
19.12.1991

சென்றாயா, என் கண்ணே,

உன் கடிதம் திங்கட்கிழமைதான்டா வந்தது. மழையில் அஞ்செட்டிச் சாலை அறுந்து, பஸ் வராமல், தபால்காரர் கரியப்பன் நடந்து கொண்டுவந்து கொடுத்தார்.

சனிக்கிழமை விளக்கு வைத்துவிட்டுக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். மாமா பரணுக்குப் போயிருந்தார். மழை. வாசலில் “அக்கா” என்று கேட்டது. துடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். “அக்கா, கதவத் தெற” என்று மறுபடியும் கேட்டது. உன் குரல்தான். எனக்குத் தெரியாதா உன் குரல்? உன் குரலாக இருந்ததால்தான் பயந்தேன். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு மூன்றாவதற்காக நின்றேன். களி அடிபிடித்துத் தீய்ந்த நாற்றம் வருகிறவரை நின்றேன்.

காலையில் கதவைத் திறந்தால் படியில் ரோஜாப் பதியன். வேரில் சுற்றின சாக்கு நனைந்திருந்தது. சேற்றில் மாமா காலடி தேடினார். மேட்டுச் சாலையிலிருந்து நம் வாசல்வரை வந்த காலடி இருக்கிறது. திரும்பிப் போனதைக் காணோம். காடெல்லாம் தேடிவிட்டோம்.

இன்றைக்கு முத்துமணி வந்தான். நீ ஊரில் இருப்பாய் என்று பார்க்க வந்தானாம். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான். சனிக்கிழமையிலிருந்து கங்கப்பன் பெயர் வருவதில்லையாம். மணி மட்டும் அடிக்கிறதாம், ஒரு தடவை, இரண்டு தடவை. யார் பெயர் வருகிறது என்று கேட்டேன். உன் பெயரைத்தான் சொன்னான். “பயமா இருக்குதுக்கா, மூணாவது வரட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றான். நீதான் அவனுக்கும் பழக்கிவிட்டாயாமே!

பளீரென்று ஓர் அறை விட்டேன் அவனை. பிறகு அவனைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். இந்தக் கடிதத்தை உன் அறைக்கு அனுப்பவில்லை. முத்துமணி கையில் கொடுத்து, முதல் மணி அடித்தவுடன் முழுவதையும் அந்த மெஷினில் தட்டச் சொல்லியிருக்கிறேன்.

ரோஜாவைக் கிணற்றடியில் நட்டிருக்கிறேன். மாமா வாசல் கதவைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டார். வாடா. கூப்பிடக்கூட வேண்டாம், நேராக உள்ளே வந்துவிடு.

அக்கா