காலூன்றாமல்

மார்ச் 3, திங்கள்

பல் டாக்டருக்குத் துணிச்சல்தான். நம் சைக்கிள் குழுவுக்குத் தலைவராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை; மலைப்பயணத்துக்கான பட்டியலைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டார். பதினான்கு பேர். பதின்மூன்று பேருக்கு எதிரே ‘சைக்கிள்’. எனக்கு எதிரே ‘ஜீப்’.

ஜீப்பில் வேறு யார் யார் என்று பார்த்தேன். தண்ணீர்க் கேன்கள், ரொட்டி, மருந்துப் பெட்டி, உதிரி டியூப்கள், நான்.

எழுபத்தொரு வயது. அதனால் என்ன? போன ஆண்டு இதே மலையில் ஏறி இறங்கினேன். இந்தக் குழுவை ஆரம்பித்தவர் என் கணவர். முதல் பயணத்துக்கு வழி வரைந்தவள் நான். அப்போது இந்த டாக்டருக்குப் பால்பல்லாவது விழுந்திருக்குமா என்பதே சந்தேகம்.

போன் செய்து கேட்டேன். “உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்னுதான், ஆன்ட்டி” என்றார். எந்த வழியில் நான் இவருக்கு ஆன்ட்டி? நான் வரைந்த எந்தப் படத்திலும் அப்படி ஒரு வழி இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

யார் எந்த நிலை என்று எப்படி முடிவு செய்தார்களாம்? ஒரு படிவம். புதியவர், பழகியவர், தேர்ந்தவர் – அவரவர் தன்னைப் பற்றித் தானே குறிக்க வேண்டியது. நான் ‘தேர்ந்தவர்’ என்று குறித்ததை மட்டும் அடித்திருக்கிறார்கள்.

மற்றவர்கள் குறித்ததை வாங்கிப் பார்த்தேன். காப்பீட்டு முகவர் – எல்லோரும் ‘புயல்’ என்று கூப்பிடுகிறார்களே, அவர் – தேர்ந்தவராம். அடிக்கோடு வேறு. சைக்கிள் வாங்கியது டிசம்பரில். இருபது வருடமாகத் தண்ணீர்த்தொட்டி மேட்டில் ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு மிதிக்கும் பேக்கரிக்காரர் ‘புதியவர்’ என்று எழுதியிருக்கிறார். என் மருமகளும் அதே. தினமும் ஆய்வகத்துக்குச் சைக்கிளில் போய் வருகிறவள், மூன்று வருடமாகக் குழுவில் இருக்கிறவள், புதியவளாம்.

ஏன் என்று கேட்டேன். “அப்படிப் போட்டா, விழுந்தாலும் யாரும் சிரிக்க மாட்டாங்க, அத்தை” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கம் என்று நினைப்போ? உண்மையைவிடக் குறைத்துச் சொல்வதும் பொய்தான். எதிலும் ஒரு முழுமை கிடையாது இவளிடம். ஒரு ஜாடியை ஒழுங்காக மூடத் தெரியாது. இன்று காலையும் ஜாம் ஜாடியின் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. எத்தனை முறைதான் சொல்வது?

மார்ச் 6, வியாழன்

பயண வழியைப் பார்த்தேன். கைப்பேசி சொன்ன வழி. பதினான்கு பேருக்கும் ஒரே பச்சைக் கோடு. இறங்குவது கல்குவாரிப் பாதையில், குறுக்குவழி என்பதால்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் சமவுயரக் கோடு வரைந்தவள் நான். கோடுகள் நெருங்கினால் நிலம் செங்குத்தாக விழுகிறது என்று அர்த்தம். கல்குவாரி வளைவில் இரண்டு கோட்டுக்கு நடுவே என் பேனா முனை நுழையவில்லை. அங்கே புயலை இறக்கினால் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். அவர் தலைக்கு மேலேயே விவாதித்தோம். அவர் இரண்டு முறை ஏதோ சொல்ல முயன்றார். என் பக்கம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒப்புக்கொண்டார். ஞாயிறு அன்று மைதானத்தில் சோதனை, வைப்பது நான், மதிப்பெண்படி குழுவும் வழியும்.

“எல்லாருக்கும்தானே, ஆன்ட்டி?”

“எல்லாருக்கும்.”

ஏன் சிரித்தார்?

மார்ச் 7, வெள்ளி

சுண்ணாம்புக்கட்டி வாங்கியாயிற்று. அளவு நாடா, விசில் எடுத்து வைத்தேன். கோபம் தணியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று சோதனை, தலா பத்து மதிப்பெண். முதலாவது, ஒரு முழ இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு. அதற்குள் இருபது மீட்டரை நாற்பது நொடிக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். வேகமாக எவரும் போகலாம். மெதுவாகப் போகத்தான் சைக்கிள் தெரிய வேண்டும். காலூன்றினால் பூஜ்ஜியம். வாழ்க்கை முழுக்கக் காலூன்று, காலூன்று என்கிறார்கள். சைக்கிளில் ஊன்றினால் தீர்ந்தது.

புயல் நாலாவது மீட்டரில் ஊன்றினார். காற்றாம். டாக்டருக்கு இருபத்திரண்டு நொடி. பேக்கரிக்காரர் அறுபத்தொன்று, எல்லோரும் கை தட்டியதும் வெட்கப்பட்டுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நாற்பத்தேழு. மருமகள் நாற்பத்துநாலு – புதியவளாம்.

இரண்டாவது, தண்ணீர்த்தொட்டி மேட்டில் இறங்காமல் ஏறுவது. சின்ன கியரில் ஏறினேன். பத்து.

மூன்றாவது, அதே மேட்டிலிருந்து இறங்கி, கோட்டில் நிற்பது. மருமகள் அளவுகோல் வைத்தது போல நின்றாள். அடுத்து நான். பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். வலது கை விரல்கள் மடங்கின, இறுகவில்லை. இடது பிரேக் மட்டும் போதவில்லை. கோட்டைத் தாண்டி இரண்டு சைக்கிள் நீளம் போய், காலை ஊன்றித்தான் நின்றேன். செருப்பு வார் அறுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

டாக்டர் வந்தார். “இது கணக்குல வேண்டாம், ஆன்ட்டி. இன்னொரு தடவை பண்ணுங்க.”

கான்வென்டில் அழித்து எழுதினால் சிஸ்டர் பக்கத்தையே கிழித்துவிடுவார். மற்ற பதின்மூன்று பேருக்கும் ஒரு தடவை, எனக்கு மட்டும் இரண்டா? யார் கேட்டது இந்தப் பிச்சையை? பட்டியலை வாங்கி என் பெயருக்கு எதிரே பூஜ்ஜியத்தை நானே போட்டேன். வட்டம் கோணலாக வந்தது. அதுவும் அந்தக் கைதான்.

மார்ச் 10, திங்கள்

சைக்கிள் கடைக்காரர் பிரேக் பிடியைக் கைக்கு அருகே நகர்த்திக் கொடுத்தார். பயனில்லை. மயிரிழைக் கோடு போட்ட கை. என்ன கேட்டுவிட்டேன் அதனிடம்? ஒரு பிரேக்.

எப்போதிலிருந்து இப்படி? யோசித்துப் பார்த்தேன். எதையும் முறுக்கித் திறந்த நினைவே இல்லை, வெகு நாளாக.

அடுப்படிக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். ஜாம், காபித்தூள், சர்க்கரை, என் மாத்திரை டப்பா. ஒவ்வொரு மூடியும் தளர்வு. அவளுடைய டப்பாக்களைப் பார்த்தேன் – முகப்பூச்சு, தைலம். இறுக மூடியிருந்தன.

இரண்டு மாதமாக அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை? என்னிடம் மறைக்க இவள் யார்? நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?

மார்ச் 13, வியாழன்

வழி வரைந்து முடித்தேன். ஏறும்போது பதினான்கு பேரும் ஒன்றாக, மிக மெதுவாக வருபவரின் வேகத்தில். நிற்குமிடங்கள் நான்கு. கடைசி ஆள் வந்ததும் முன்னே வந்தவர்கள் கிளம்பிவிடக் கூடாது; அவர் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகே கிளம்ப வேண்டும். இல்லையென்றால் ஓய்வெல்லாம் ஓய்வு தேவைப்படாதவர்களுக்கே போகும்.

இறங்க மூன்று வழி. கல்குவாரி – பேக்கரிக்காரர் தலைமையில் நால்வர், மருமகள் உட்பட. காட்டுச்சாலை – டாக்டரும் ஐவரும். ஏரிச்சாலை – மீதி நால்வர். ஐந்தாம் வளைவிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டும். அந்த நால்வரில் புயல் ஒருவர். நான் ஒருத்தி.

புயல் போன் செய்தார். “நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். நாலாவது மீட்டர்.”

வைத்துவிட்டார்.

டாக்டர் விடவில்லை. தள்ளுவதற்கு ஜீப்பே மேல் என்றார். ஏற்றத்தில் எனக்குப் பத்து, இறக்கத்தில்தான் பூஜ்ஜியம். ஏறுகிற வரை ஏறுவேன், பிறகு தள்ளுவேன், ஜீப்பில் ரொட்டி போகட்டும் என்றேன்.

மார்ச் 22, சனி

பதினான்கு சைக்கிளின் பிரேக்கையும் நானே சோதித்தேன். மருமகளுடையது மிக நன்று.

மார்ச் 23, ஞாயிறு

ஏறினேன். நான்கு இடத்தில் நின்று, முழுவதும். உச்சியில் டாக்டர் கை குலுக்க வந்தார். இடது கையை நீட்டினேன்.

ஏரிச்சாலை, ஐந்தாம் வளைவு. புயல் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். நானும் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். பின்னால் சக்கரச் சத்தம். திரும்பினால் மருமகள், அவளும் இறங்கிவிட்டாள்.

“உன் குழு அந்தப் பக்கம்.”

“தெரியும், அத்தை.”

“அங்கே ஆள் எண்ணிப் பார்த்துத் தேட மாட்டார்களா?”

“பேக்கரிக்காரர்ட்ட நேத்தே சொல்லிட்டேன்.”

நேற்றே. கூடிப் பேசியிருக்கிறார்கள். “எதற்காக?”

“என் பிரேக் சரியில்ல” என்றாள், என் முகத்தைப் பார்த்தே. நேற்று நானே சோதித்த பிரேக்.

கூசாமல் பொய் சொல்கிறாள் என்றேன். திட்டத்தைக் கெடுத்தாள் என்றேன். கல்குவாரி வழியை இறங்கத் தகுதியுள்ள நால்வரில் ஒருத்தி இப்படித் தள்ளிக்கொண்டு வருவது வெட்கக்கேடு என்றேன். இரண்டு கிலோமீட்டரும் விடாமல் சொன்னேன். அவள் என் வலப்பக்கமாகவே வந்தாள். சரிவு கூடிய இடங்களில் என் சைக்கிளின் கைப்பிடியில் அவள் இடது கையும் இருந்தது. அதைப் பற்றி மட்டும் நான் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

காலையில் ஜாம் ஜாடியை எடுத்தேன். ரொட்டியில் தடவிக்கொண்டு, மூடியைத் தளர்வாகவே வைத்தேன்.