விளிம்புச் சட்டத்தில் ஈரம்

பெமிட்ஜி, மினசோட்டா
பிப்ரவரி 9

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அரிசோனா வெயிலில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நிலவறையில் ஈரம் என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் சொன்னேன் அல்லவா? காரணம் தெரிந்துவிட்டது. கான்கிரீட் சுவரின் தலையில் வீட்டைச் சுற்றி ஓடும் மரச்சட்டம், அந்த விளிம்புச் சட்டம், அம்மாவின் அறைக்குக் கீழே கறுத்துப்போயிருக்கிறது. அழுத்தினால் நகம் இறங்குகிறது. பனி உருகி இறங்குகிறதென்று நினைத்துச் சுவரோரப் பனியையெல்லாம் வாரித் தள்ளினேன். பிறகு, இங்கே எல்லோரும் செய்வதுபோல, சட்டத்தின்மேல் குளிரைத் தடுக்கும் இளஞ்சிவப்புக் கண்ணாடியிழைப் பஞ்சை இன்னும் இறுக்கித் திணித்தேன். ஈரம் கூடத்தான் செய்தது.

தச்சன் டுவெய்னைக் கூப்பிட்டேன். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் படித்தவன். பஞ்சை உருவினான். பின்னால் மரமெல்லாம் உறைபனி, ஃப்ரீஸர் சுவர் மாதிரி. "வெளியேருந்து ஒரு சொட்டுகூட வரல சார். நீங்கதான் உள்ளேருந்து பெய்ய விட்டிருக்கீங்க. இதே பாடத்துலதான் எனக்கு ஃபெயில் போட்டீங்க" என்று சிரித்தான்.

குளிரிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி வேர்க்கும். கண்ணாடி ஒழுகுகிறது என்று யாரும் சொல்வதில்லை. முப்பத்தோரு வருஷம் வகுப்பில் நான் சொன்ன உதாரணம் இது! பஞ்சு வீட்டுச் சூட்டை மரத்துக்குப் போகவிடவில்லை. ஈரக்காற்றை மட்டும் போகவிட்டது. சில்லிட்ட மரத்தில் அது தண்ணீராகிவிட்டது.

இவ்வளவு ஈரம் ஏது என்று டுவெய்ன் கேட்டான். அம்மாவின் கட்டிலருகே காற்றை ஈரமாக்கும் மெஷினைக் காட்டினேன். ஆமாம், நீ அனுப்பியதுதான். உன்மேல் தப்பே இல்லை. அது வந்த பிறகுதான் அவள் தூங்கினாள்.

"மே மாசம் மரம் காஞ்சதும் ஈரக்காத்து நுழையாத நுரைப்பலகை வெச்சு ஓரமெல்லாம் அடைச்சுத் தரேன். அதுவரைக்கும் மெஷின அணைச்சு வைங்க" என்றான்.

மூன்று நாள் அணைத்து வைத்தேன். மரம் காயத் தொடங்கியது. ஆக்ஸிஜன் குழாயின் காற்றில் அம்மாவின் மூக்கும் காய்ந்து ரத்தம் வந்தது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருமினாள். எப்படி இருக்கே மார்லிஸ் என்றால், "ரொம்ப மோசமில்ல" என்றாள். இந்த ஊரில் கால் முறிந்தவனும் அதைத்தானே சொல்வான்.

நாலாம் நாள் நானே மெஷினைப் போட்டுவிட்டேன். போட்டுவிட்டுக் கீழே போய்த் துணியால் சட்டத்தைத் துடைத்தேன். தினமும் துடைக்கிறேன். பூஞ்சை நாற்றம் இப்போது அவள் அறை வரைக்கும் ஏறுகிறது. அதுவும் அவளுக்கு ஆகாது என்கிறார் டாக்டர். அணைத்தாலும் கெடுதல், போட்டாலும் கெடுதல். என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகப் புரிகிறது, கண்ணே. புரிந்து என்ன செய்ய?

மரம் மே மாதம் வரை தாங்கும் என்று டுவெய்ன் அடித்துச் சொல்கிறான். டாக்டரிடமும் மே மாதம் என்று பேச்செடுத்துப் பார்த்தேன். அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, மகள் எப்போது வருகிறாள் என்று கேட்டார்.

ஜூனில் வருவதாக எழுதியிருந்தாய். சாலைகளில் பனியை வாரிவிட்டார்கள். இப்போதும் வண்டி ஓட்டலாம். உன் கட்டிலுக்குத் துவைத்த விரிப்பு போட்டு வைத்திருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ஆர்வில்