புளி போட்டுத் துலக்கிய காசுகள்

அமராவதிபுதூர்
9.11.1972

அன்பு மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊருணி தூர்வாரிய இடங்களிலெல்லாம் பொறுக்கி, நாற்பது வருடமாக நான் சேர்த்த பழங்காலச் செப்புக்காசுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஞாயிறன்று உன் அண்ணன்கள் இருவரும் வந்தார்கள். "யாருக்குன்னு இன்னைக்கே சொல்லீருங்க. கண்ண மூடிட்டீகன்னா பெறகு யாரைக் கேக்குறது?" என்றான் பெரியவன். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் காசுப்பெட்டியைப் பிடுங்கினான். பெரியவன் விறகுக்கட்டையால் அவன் வாயிலேயே அடித்தான். சிதறிய காசுகளோடு இரண்டு பற்களும் தரையில் கிடந்தன. சின்னவன் எழுந்து அண்ணன் கழுத்தை நெரித்தான். பக்கத்து வீட்டார் வந்துதான் பிரித்தார்கள்.

நான் தடுக்கவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது உனக்குப் பத்து வயது. கிறிஸ்துமஸுக்குப் பித்தளைப் பாத்திரம் துலக்கியபோது இந்தக் காசுகளில் ஒரு கைப்பிடியையும் புளி போட்டுத் தேய்த்து, "தங்கங் கணக்கா மின்னுது, பாருங்கப்பா" என்று ஓடி வந்தாய். கறுப்பேறிய காசுக்குத்தான் மதிப்பு, துலக்கினால் போயிற்று என்பது உனக்கு எப்படித் தெரியும்? மூன்று தடவை அறைந்தேன். இடது காதில் ரத்தம் வந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று உன் அம்மாவிடம் நான் கேட்கவேயில்லை.

நேற்று மீதிக் காசுகளை நானே புளி போட்டுத் துலக்கிவிட்டேன். இனி அவற்றை எந்த வியாபாரியும் சீண்டமாட்டான், உன் அண்ணன்களும்தான். எல்லாம் உனக்கு.

வந்து எடுத்துக்கொண்டு போ. வந்தால் உன் வலது பக்கமாகவே உட்கார்ந்து பேசுகிறேன்.

உன் அப்பா