கிளியூர் இறக்கத்தில் உங்கள் சைக்கிள்

என் உயிரான ராசண்ணனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சைக்கிள் மறுபடி ரோட்டுக்கு வந்தது. நீங்கள் போன நாளிலிருந்து மூன்று வருஷமாகச் சாக்கு மூடிக் கிடந்ததை, உங்கள் மகள் செல்வி வெளியே எடுத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஏரிக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டாள். அங்கே பழைய சைக்கிள் விழா. சேலத்திலிருந்தெல்லாம் தாத்தா காலத்துச் சைக்கிள்களை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு சைக்கிளுக்கு மாலைகூடப் போட்டிருந்தது. வேலையற்ற ஜனங்கள் என்று நினைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் முதல் ஆளாக நின்றிருப்பீர்கள்.

எஸ்டேட் துரை ஊரைவிட்டுப் போகும்போது உங்களுக்குக் கொடுத்த அந்தக் கறுப்புச் சைக்கிளைச் சுற்றித்தான் கூட்டம். ஒருவர் ஃபிலிம் தீரும்வரை படம் எடுத்தார். "கம்பி பிரேக்குங்க, அப்புடியே இருக்குது!" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த பிரேக் பிடிக்காமல்தான் என் அண்ணன் போனார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மதியம் சைக்கிள் ஊர்வலம் என்றார்கள், உங்கள் சைக்கிளைச் செல்வி ஓட்டுவாளாம். ஏரியிலிருந்து ஒண்டிக்கடை, அங்கிருந்து கிளியூர் இறக்கம். ஒரு சில்வர் ஓக் மரக் கிளையை இழுத்துவந்து கேரியரில் கயிறு போட்டுக் கட்டினேன். கிளை பின்னால் தரையில் இழுபட்டால்தானே நம் இறக்கத்தில் சைக்கிள் அடங்கும்? நம் ஊரில் யாராவது கிளை கட்டாமல் இறங்கியதுண்டா?

விழா நடத்துகிறவர் வந்தார். "ஏனுங்கம்மா, என்னங்க இது? பின்னாடி வர்றவங்க மாட்டி உழுந்துருவாங்க. அவுத்துருங்க."

"அந்த எறக்கம் உங்களுக்குத் தெரியாதுங்க," என்றேன்.

"உடுங்கத்தே, எல்லாரும் பாக்கறாங்க," என்று செல்வியே குனிந்து முடிச்சை அவிழ்த்தாள்.

அந்தக் கயிற்றை நான் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் போன அன்றைக்கு, இறக்கத்தின் மேல் வளைவில் ராகிக் கதிரை ரோட்டில் பரப்பியிருந்தேன், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. நீங்கள் கிளையை இழுத்துக்கொண்டு வந்தீர்கள். "அண்ணா, ராகியெல்லாம் வாரிக்கிட்டுப் போயிருமுங்க, கெளைய அவுத்துப் போட்டுட்டுப் போங்க!" என்று கத்தினேன். மறுபேச்சுப் பேசாமல் அவிழ்த்து ஓரமாகப் போட்டீர்கள். தங்கச்சிக்கு நாலு மணி உதிரட்டும் என்று கதிர் மேலேயே மிதித்துப் போனீர்கள். தாண்டியதும் திரும்பக் கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தோன்றவே இல்லை அண்ணா. குனிந்து கதிரைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே சத்தம் கேட்டது.

"ராசு கெளை கட்ட மறந்துட்டான்" என்று ஊரே பேசியது. அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் உங்களைத் திட்டித் திட்டி அழுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுப்பவள் நான்.

ஊர்வலம் மணியடித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது. பின்னால் போன ஜீப்பில் எனக்கு இடமில்லை. ஒண்டிக்கடை வரை நடந்துபோய் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் வேண்டக்கூட வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்?

சாயங்காலம் அதே ஜீப்பில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு செல்வி வந்து இறங்கினாள். மேலெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

"எதுக்குங்கத்தே அழுவறீங்க? எறக்கத்துல சைக்கிள் மேல ஏறவே இல்லீங்க, முழுக்க உருட்டிக்கிட்டுத்தான் போனேன். அப்பாவாட்டம் மறந்துட்டு உசுர உடறதுக்கு நான் என்ன கவனமில்லாதவளுங்களா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "டீ குடிக்கலாம் வா கண்ணு" என்றேன்.

வரும் அமாவாசைக்கு அண்ணி உங்களுக்குப் படையல் வைக்கும் முன்னால் போய், இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அந்த வாசலை நான் மிதிக்க முடியுமா, செல்வி என்னை அத்தை என்று கூப்பிடுவாளா, தெரியாது. ஆனால் உங்கள் மகள் உங்களைக் கவனமில்லாதவர் என்று இன்னொரு தரம் சொல்லக் கூடாது. இது சத்தியம் அண்ணா.

உங்கள் கூடப் பிறந்தவள்,
கனகம்