கலசத்தில் செத்த கிருமிகள்

என் முருகேசா,

நீ செய்த கருவி குருடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். செத்துப்போனவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்கிற தைரியம். இது அநியாயம். நாலு பேர் அறியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விண்கலத்தில் போகிறவர்கள் தங்கள் வியர்வையையும் சிறுநீரையும் சுத்தம் செய்து திரும்பத் திரும்பக் குடிக்கிறார்கள் என்று நீ சொன்னபோது முகத்தைச் சுளித்தேன். பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் புத்தகங்களை நானே படித்தேன். பத்தாவதோடு நின்றவன்தான், ஆனாலும் புரிந்தது. அந்த நீரில் கிருமி பெருகினால் அங்கே ஓட ஆஸ்பத்திரி இல்லை. உயிருள்ள கிருமி இருந்தால் உன் கருவியின் குழாயில் நீர் இளஞ்சிவப்பாகும். அவ்வளவுதானே?

நீ போன மூன்றாம் மாதம் அடையாறு ஆய்வுக்கூடத்தில் சோதனை வைத்தார்கள். உன் குழுத்தலைவர் ராகவன் அதற்கு முதல் நாள் தி.நகரில் என் கடைக்கு வந்தார். "அண்ணா, முருகேசன் படத்துக்கு முன்னாடி ஒரு கலசம் வச்சுப் பூஜை பண்ணிட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். நல்லதா ஒண்ணு குடுங்கோ." பாத்திரக் கடைக்காரனிடம் கேட்டால்? இருப்பதிலேயே கனமான தாமிரச் செம்பைத் தேய்த்துக் கொடுத்தேன். என் தம்பிக்கல்லவா?

அன்று சாயங்காலமே அதில் என்ன ஊற்றி வைத்தார்கள் தெரியுமா? சோதிக்க வேண்டிய நீரையே! மறுநாள் பூஜை முடிந்ததும், தீர்த்தம் போல அதிலிருந்தே எடுத்து உன் கருவியில் விட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய முறைக்கு மட்டும் கண்ணாடிச் சீசாவில் வைத்திருந்த அதே நீர். சீசா நீரில் கிருமி மண்டிக் கிடந்தது. உன் குழாய் நிறம் மாறவில்லை. உடனே கருவி குருடாம்.

தாமிரத்தில் இரவு முழுக்க இருந்த தண்ணீரில் கிருமி சாகும். இதைச் சொல்லித்தான் நான் தினமும் குடம் விற்கிறேன். நீர் கெடாமலிருக்க விண்கலத்தில் வெள்ளி சேர்ப்பார்கள், சோதிக்கும் முன் அதன் வீரியத்தை முறிக்காவிட்டால் முடிவு பொய்யாகும் என்று உன் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. தாமிரமும் அப்படித்தானே? அங்கே ஒருவர்கூட அந்தக் குறிப்பேட்டைத் திறக்கவில்லையா?

நீ வீட்டில் விட்டுப்போன குழாய்களை எடுத்தேன். மொட்டைமாடித் தொட்டி நீரைக் கண்ணாடியிலும் தாமிரத்திலும் ஓர் இரவு வைத்து, அவற்றில் விட்டுப் பார்த்தேன். கண்ணாடி நீர் சிவந்தது. தாமிர நீர் அப்படியே இருந்தது. இரண்டு முறை.

நடந்ததை விசாரிக்க ஒருமுறை போயிருந்தவன், மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வாசலில் காவலாளி, "இன்னா பெருசு, திரும்ப வந்துட்டியா? உள்ள மீட்டிங் நடந்துகினு கீது" என்றான். "நடக்கட்டும்பா, எனக்கென்ன அவசரம்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் ராகவன் வெளியே வந்தார். "அண்ணா, மூணு டாக்டரேட் உக்காந்து பார்த்த ரிசல்ட் இது. நீங்க பாத்திரக் கடை."

"தப்பு நடந்ததே பாத்திரத்துலதானய்யா! பின்ன ஜவுளிக் கடைக்காரனையா கேப்பீங்க?"

சிரித்துவிட்டார். அப்புறம் குரல் இறங்கியது. "பூஜைத் தண்ணியால கெட்டுதுன்னு ரிப்போர்ட்ல எப்படிண்ணா எழுதறது? ஊரே சிரிக்கும்."

கேட்டாயா? அவருக்குத் தெரிந்திருக்கிறது. இவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்பதற்காக நீ தோற்க வேண்டுமா?

என் பங்கையும் மறைக்க மாட்டேன். எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பெருமையில் வாயடைத்துப்போனேன்.

இனி நடக்க வேண்டியது இது. ராகவன் அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்று, நீர் எதில் இருந்தது என்று மறைக்காமல் எழுத வேண்டும். அந்த மூன்று பேரும் ஒரே சீசா நீரைப் பழைய முறையிலும் உன் கருவியிலும் சோதிக்க வேண்டும், என் கண் முன்னால். நிறம் மாறாவிட்டால் ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். மாறினால், அந்தக் கருவி எங்கே போனாலும் உன் பெயரோடு போக வேண்டும். செம்பு கொடுத்தவன் நான் என்று எழுதித் தர வேண்டியது என் வேலை. நேற்றே கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் தங்கள் வேலையைச் செய்யும்வரை, தினமும் கடை திறக்கும் முன் அந்த வாசலில் இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்கு மூத்தவன், உன்னை விட்டுக்கொடுக்காதவன்,
அண்ணன் சுப்பையா