துளசி மட்டும் போதும்

அத்தை,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பாவுக்கு இப்போதுதான் காய்ச்சல் இறங்கியது. அவள் தலைமாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசி மணக்கிறது. அந்த மணத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

சனிக்கிழமைதோறும் ஆண்டாள் கோவிலுக்கு உங்களோடு பஸ்ஸில் வரும் சோழபுரத்து அக்கா, கோவில் துளசியோடு ஒரு பொட்டலமும் கொடுத்தாரே, உங்கள் சர்க்கரை நோய்க்கு வேர்ப்பொடி என்று! துளசியோடு வந்ததால் உங்களுக்கு அதுவும் பிரசாதம். டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள்.

"ஆண்டாள் தாயார் குடுத்தது இருக்கையில மாத்திரை என்னத்துக்கு?"

கால்விரலில் வந்த புண் ஆறவில்லை. விரலையே எடுக்க வேண்டிவரலாம் என்றார் டாக்டர். நான் அழுதேன்; நீங்கள் அசையவில்லை. "காலேஜ் படிச்சவதான, அந்தக் கம்ப்யூட்டர்ல கேட்டுச் சொல்லேன்" என்று சவால் விட்டீர்கள்.

ராஜபாளையத்தில் பிரவுசிங் சென்டர் அப்போது புதிது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். முதலில் வந்த பக்கம் அதே மாதிரிப் பொடியைப் புகழ்ந்தது. நான் படித்துச் சொன்னதும் குதித்தீர்கள்.

"ஏட்டி, பாத்தியா! கம்ப்யூட்டரே சொல்லுது!"

"இன்னும் கீழ போங்க, அத்தை."

உங்கள் கையாலேயே பக்கத்தை இறக்கினீர்கள். அடியில் பொடியின் விலையும், பணம் அனுப்ப விலாசமும். முகம் சுருங்கிவிட்டது. பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பக்கம்: எழுதிய டாக்டர்களின் பெயர், எழுதிய தேதி. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, புண் இருந்தால் தாமதிக்கக் கூடாது என்றது.

"இவிய ஒண்ணும் விக்கலையா?"

"இல்ல அத்தை."

"அப்ப இவிய சொல்லுததக் கேப்போம். டாக்டர்ட்டயும் காட்டுவோம், வா."

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில், எல்லாரும் பார்க்க, துளசியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

"துளசி தாயாரோடது, எடுத்துக்கிட்டேன். பொடி ஒன்னோடது, நீயே வச்சுக்கோ!"

பஸ்ஸே சிரித்தது. மாத்திரையை மறுபடி தொடர்ந்ததும் புண்ணும் ஆறியது. கடைசிவரை அய்யனார் கோவில் பாறைகளில் எனக்கு முன்னால் ஏறினீர்கள், பத்து விரலோடு.

இன்று பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றதும் தெருவே ஆளுக்கொரு மருந்து சொன்னது. நான் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன்: சொல்பவர் யார், எதையாவது விற்கிறாரா? டாக்டர் மருந்தை மட்டும் கொடுத்தேன்.

சாயங்காலம் சோழபுரத்து அக்கா வந்தார். கையில் துளசி மட்டும். அதைப் பாப்பா தலைமாட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்: "எனக்கும் சுகருன்னுட்டாக. ஒங்க அத்தையக் கூட்டிட்டுப் போன கம்ப்யூட்டர் கடைக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

நாளை போகிறோம், அத்தை. மவுஸை முதலில் அவர் கையில்தான் கொடுப்பேன். சரிதானே? கனவிலாவது சீக்கிரம் வந்து பதில் சொல்லுங்கள்.