புத்தளத்தில் இன்னும் ரோமிங்கில் இருக்கும் என் கணவரின் எண்

அனுப்புநர்
ஜெய்தூன் பீவி (வயது 47),
க/பெ. முகமது யாசின்,
பேகம்பூர், திண்டுக்கல்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: இலங்கையில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட என் கணவரின் செல்போன் எண் இன்றுவரை அங்கு ரோமிங்கில் இயங்கி வருவது – அந்த எண்ணை 17.11.2025 அன்று துண்டிக்காமல் நிறுத்தி வைக்கவும், அடக்கம் நடந்த நாளின் அழைப்புப் பதிவைப் பெற்றுத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

இணைப்பு: இறப்புச் சான்றின் நகல், செல்போன் கம்பெனியின் கடிதம், என் மகன் எண்ணுக்கு வந்த ஐம்பத்தேழு குறுஞ்செய்திகளின் அச்சுப் பிரதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு என்பது தெரியும். ஆனால் நான் இத்தாவில் இருக்கிறேன். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியேறாமல் இருக்கும் எங்கள் முறை அது. தவிர, அவர்கள் தங்கள் வழக்கமான வார்த்தைகளைப் போட்டு எழுதிவிடுவார்கள். இந்த விஷயத்துக்கு வழக்கமான வார்த்தை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2. நானும் என் கணவரும் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் திருமணங்களுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுத்து வந்தோம். மசாலாவும் ஆட்களும் என் பொறுப்பு, அடுப்பும் தேக்சா அண்டாவும் அவர் பொறுப்பு. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கல்யாணத்தில் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்ட புத்தளத்து வியாபாரி ஒருவர், தன் மகள் நிக்காஹுக்கு நீங்கள்தான் வந்து ஆக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதன்படி என் கணவரும், அவருடன் பதினைந்து வருடமாக வேலை செய்யும் அப்பாஸும் 12.09.2025 அன்று மதுரையிலிருந்து விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள்.

3. புறப்படும் முன் என் மகன் அக்மல் (வேடசந்தூர் நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறான்) ரோமிங் வசதியை அவன் அத்தாவின் எண்ணுக்கு மட்டும் போட்டுக் கொடுத்தான். அப்பாஸுக்கும் ஒன்று போடலாம் என்று அவன் சொன்னதற்கு என் கணவர், "ஒரே சகன் தட்டுல சாப்பிடுறோம், ஒரே நெட்டுல பேச மாட்டமா, போடா" என்று சிரித்துவிட்டார். பத்து நாள் முடிந்ததும் ரோமிங் தானாகப் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்ற கட்டத்தில் அக்மல் டிக் அடித்தான். தகவல்கள் தன் எண்ணுக்கு வரும்படியும் செய்தான். இந்த மனுவுக்கு வேரே அந்த டிக் என்பதால் இதைச் சொல்கிறேன்.

4. 14.09.2025 ஞாயிறு காலை, கல்யாணச் சோற்றைத் தம்மில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மணி பதினொன்று. அங்குள்ள மருத்துவர் பார்த்தார், திடீர் மரணங்களை விசாரிக்கும் அதிகாரியும் வந்து பார்த்தார். மாரடைப்பு என்று எழுதினார்கள். உடலை ஊருக்குக் கொண்டுவர நான்கு நாளாவது ஆகும் என்றார்கள். எங்களில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, காக்கவைப்பது வழக்கமில்லை. அங்கேயே அடக்கிவிடுங்கள் என்று சம்மதம் சொன்னது நான்தான். பதினொரு மணிக்கு உட்கார்ந்தவரை மாலை நாலே முக்காலுக்கு மண்ணுக்குள் வைத்தாகிவிட்டது. ஐந்தே முக்கால் மணி நேரம். யாரையும் இதில் குறை சொல்லவில்லை, நேரத்தை மட்டும் குறிப்பிடுகிறேன்.

5. அடக்கத்தை நான் வீடியோ அழைப்பில் பார்த்தேன். ரோமிங் இருந்தது என் கணவரின் செல்போனில் மட்டும் என்பதால், அப்பாஸ் அதைத்தான் பிடித்துக் காட்டினார். சரியாக 4.40க்கு அழைப்பு வந்தது. குழிக்குள் இறங்கி மையத்தை வாங்கி வைப்பது சொந்தக்காரர்கள் செய்ய வேண்டிய காரியம். எங்கள் பக்கத்து ஆள் அங்கே அப்பாஸ் ஒருவர்தான். அதனால் அவர் இறங்கினார். "அக்கா, நான் உள்ள எறங்கணும், செத்த நேரம் கட் பண்ணிக்கிறவா" என்று கேட்டார். கட் பண்ணக் கூடாது என்றேன். அவர் போனைச் சட்டைப் பையில் அப்படியே போட்டுக்கொண்டு இறங்கினார். கபன் துணியின் முடிச்சை அவிழ்த்து முகத்தை மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பக் குனிந்தபோது போன் நழுவியது. எனக்கு வெள்ளைத் துணி மிக அருகில் தெரிந்தது. அதன் பிறகு இருட்டு. அந்த அவசரத்தில் அவருக்கு அது தெரியவில்லை. மேலே பலகை வைத்தார்கள்.

6. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. மண் விழும் சத்தத்தை நான் உள்ளேயிருந்து கேட்டேன். இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியவில்லை. "போன் உள்ள கெடக்கு, போன் உள்ள கெடக்கு" என்று கத்தினேன். வீட்டில் கூடியிருந்த பெண்கள் நான் துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறேன் என்று நினைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு பேர் பிடித்திருந்தார்கள், ஐயா. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகிக்கொண்டே போனது. 4.51க்கு லைன் நின்றது. அன்று இரவு அப்பாஸுக்கு விஷயம் தெரிந்து குழியைத் திறக்கக் கேட்டிருக்கிறார். ஒரு செல்போனுக்காக மூடிய குழியைத் திறப்பதில்லை என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது அவர்களுக்கும் எனக்கும் தெரிந்தது அவ்வளவுதான், ஆகவே அவர்கள் சொன்னது சரியே.

7. எனக்குத் தெரியாமல் இருந்தது இது. லைன் நின்றதும் என் செல்போனை என் நாத்தனார் நர்கீஸ் வாங்கி வைத்துக்கொண்டார். அதே எண்ணிலிருந்து 5.32க்கும், 5.36க்கும், 5.51க்கும் மூன்று அழைப்புகள் வந்திருக்கின்றன. வீடியோ அழைப்புகள் அல்ல, சாதாரண அழைப்புகள். திரையில் தன் அண்ணன் பெயரைப் பார்த்தவர், செல்போனை அரிசி டிரம்முக்குள் அமுக்கி மூடியைப் போட்டுவிட்டார். ஏழு நாள் கழித்து என் காலடியில் வந்து உட்கார்ந்து, "மதினி, நான் பாவி, எடுத்திருக்கணும்" என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். நான் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் இரண்டு பேருக்குமே நன்றாக இருந்திருக்கும்.

8. அது ஒருபுறம் இருக்க, அடக்கத்தின் மறுநாளிலிருந்து அக்மலின் எண்ணுக்குத் தினமும் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அவன் அத்தாவின் எண் இலங்கையில் இன்று இவ்வளவு டேட்டா பயன்படுத்தியது, தொடங்கிய நேரம் 4.40, முடிந்த நேரம் 4.51. இன்றுவரை ஒரு நாள் தவறவில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை ரோமிங் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. போன் விழுந்தபோது முப்பத்தொரு சதவீதம் சார்ஜ் இருந்ததாக அப்பாஸ் சொல்கிறார். எவனாவது போனை எடுத்து வைத்திருப்பான் என்று முதலில் நானும் நம்ப ஆசைப்பட்டேன். கல்யாண வீட்டு வியாபாரியிடம் கேட்டோம். அவர் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார். மண் கலையவில்லை, மேலே புல் முளைத்திருக்கிறது.

9. ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு 4.45க்கு நானே அந்த எண்ணுக்கு வீடியோ அழைப்பு விடுத்தேன். அவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று திரையில் வந்தது. 4.52க்கு மறுபடி அழைத்தபோது மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. அதற்குப் பிறகு நான் அழைப்பதில்லை. அஸர் என்னும் மாலைத் தொழுகைக்கு நிற்கும்போது அந்தப் பதினொரு நிமிடமும் எனக்கு ஓத வருவதில்லை. அவர் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றே மனம் போகிறது.

10. கம்பெனியில் முறையிட்டதற்கு, பயன்பாடு சரிபார்க்கப்பட்டது, தவறு இல்லை, தொகை சரியானது என்று பதில் வந்தது. தொகையைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அதை ஒழுங்காகக் கட்டி வருகிறோம். பிறகு அந்த மூன்று அழைப்புகளைப் பற்றி அக்மல் இல்லாத நேரம் பார்த்து உதவி எண்ணுக்கு நானே பேசினேன். பேசிய பெண் தன்மையாகத்தான் பேசினாள். மேலே பாரம் அழுத்தினால் போன் தானாக அழைப்புப் போடுவதுண்டு, திரையைத் தொட்டுப் போட்டதா, தானாகப் போனதா என்பது தங்கள் முழுப் பதிவில் இருக்கும் என்றாள். அதைத் தாருங்கள் என்றேன். சந்தாதாரர் நேரில் வந்து முகம் காட்டினால் தருகிறோம் என்றாள். சந்தாதாரர் எங்கே இருக்கிறார் என்று நான் சொன்ன பிறகும், "அப்ப அவர் வந்ததும் கூட்டிட்டு வாங்க மேடம்" என்றாள். தாளில் உள்ளதைப் படிக்கிற பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

11. எங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் அக்மல் புகார் கொடுத்தான். செல்போன் காணாமல் போனதற்கான ரசீது கொடுத்தார்கள். தொலைந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அங்கிருந்தவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, வெளிநாடு என்று எழுதிக்கொண்டாராம். மேற்கொண்டு எதுவும் செய்ய வழியில்லை என்று அவர்கள் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

12. இந்நிலையில் நர்கீஸின் கணவர் முகமது பாரூக், நான் இதிலேயே கிடந்து உழல்கிறேனே என்ற நல்லெண்ணத்தில், என்னைக் கேட்காமல் இறப்புச் சான்றைக் கம்பெனியில் கொடுத்து எண்ணை மூட எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று அழைப்புகள் வந்த சங்கதி அவருக்குத் தெரியாது. 17.11.2025 மாலை ஆறு மணிக்கு எண் துண்டிக்கப்படும், அத்துடன் அதன் பழைய பதிவுகளும் நீக்கப்படும் என்று கடிதம் வந்திருக்கிறது. என் இத்தா முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. நான் எழுந்து ஓடி யாரையும் பார்க்க முடியாது.

13. என் கணவர் இப்போது உயிரோடு இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் புத்தி பேதலிக்கவும் இல்லை. நான் கேட்பது அன்று 4.51 முதல் 5.51 வரையிலான அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும். ஐந்தே முக்கால் மணி நேரத்தில் நான் சம்மதம் சொல்லி அடக்கியது இறந்தவரைத்தானா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மிச்சமுள்ள இத்தாவை எப்படி உட்கார்ந்து கழிப்பது என்று தெரியவில்லை. தினமும் நடக்கும் அந்தப் பதினொரு நிமிடத்துக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டாம், அதை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

14. ஆகவே தாங்கள் கம்பெனிக்கு ஓர் உத்தரவு அனுப்பி, 17ஆம் தேதித் துண்டிப்பை நிறுத்தி வைக்கும்படியும், 14.09.2025 மாலை 4.51க்குப் பின் அந்த எண்ணிலிருந்து போன அழைப்புகளின் முழுப் பதிவைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரச் செய்யும்படியும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மனுவை ஒட்டிய உறையில் என் மகன் கொண்டுவருகிறான். டேட்டா விஷயம் மட்டுமே அவனுக்குத் தெரியும், ஏழாம் பத்தியில் உள்ளது தெரியாது. அப்பாஸுக்கும் தெரியாது.

15. அந்த மூன்று அழைப்புகளும் போன் தானாகப் போட்டவை என்று பதிவில் இருந்தால், அதை ஒரு தபால் கார்டில் எழுதி அனுப்புங்கள், தெருவே படிக்கட்டும். விரல் தொட்டுப் போட்டவை என்று இருந்தால், உறையில் போட்டு ஒட்டி என் பெயருக்கு மட்டும் அனுப்புங்கள். என் மகன் கையில் கொடுக்க வேண்டாம். அப்பாஸுக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது, முதல் பிடி மண்ணைப் போட்டது அவர் கை. சம்மதம் சொன்னவள் நான். அதை நானே வைத்துக்கொள்கிறேன்.

இடம்: திண்டுக்கல்
நாள்: 10.11.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஜெய்தூன் பீவி